மறுக்கப்பட்ட மேடையும் அடுக்கில் இல்லாத நூலும்: பல்கலைக்கழகப் புத்தகக் கடைகளில் தலித் எழுத்து

1936ஆம் ஆண்டு லாகூரில் ஓர் உரை நிகழவிருந்தது. ஜாத்-பாத் தோடக் மண்டல் என்னும் அமைப்பு தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்குமாறு அம்பேத்கரை அழைத்திருந்தது. உரையை முன்கூட்டியே படித்த அமைப்பாளர்கள் சில பகுதிகளை நீக்கக் கேட்டனர். அவர் மறுத்தார். மாநாடே கைவிடப்பட்டது. நிகழாத அவ்வுரையை அம்பேத்கர் தம் சொந்தச் செலவில் 1500 பிரதிகள் அச்சிட்டார். இரண்டே மாதங்களில் அவை தீர்ந்தன. 1937இல் இரண்டாம் பதிப்பு வருவதற்குள் குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்புகள் வந்துவிட்டன. ‘சாதி ஒழிப்பு’ இப்படித்தான் நூலாயிற்று.

மேடைக்கும் நூலுக்குமான இந்த உறவு இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகப் புத்தகக் கடைகளில் வேறு வடிவில் தொடர்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை ஒட்டி சியாட்டிலில் இயங்கும் ‘யுனிவர்சிட்டி புக் ஸ்டோர்’ 1900இல் மாணவர்களால் தொடங்கப்பட்டது. இத்தகைய கடைகளில் மாலை வேளைகளில் எழுத்தாளர் வாசிப்புகள் நடக்கும். எழுத்தாளர் தம் புதிய நூலிலிருந்து சில பக்கங்கள் வாசிப்பார். கேள்விகளுக்கு விடை தருவார். வாங்கியவர்களின் பிரதிகளில் கையொப்பமிடுவார். பார்ப்பதற்கு எளிய இலக்கிய நிகழ்வுதான். ஆனால் அந்த நாற்காலியில் யார் அமர்வது என்பதைத் தீர்மானிப்பது இலக்கியத் தகுதி மட்டுமன்று.

முதல் தடை வணிகம் சார்ந்தது. அமெரிக்கப் புத்தகக் கடைகள் பெரும்பாலும் ஒரு நிபந்தனையின் பேரில்தான் நூல்களைத் தருவிக்கின்றன: விற்காத பிரதிகளைப் பதிப்பகத்துக்கே திருப்பி அனுப்பலாம். அங்கே விநியோகஸ்தர் இல்லாத சிறு இந்தியப் பதிப்பகத்தால் அந்தச் செலவைத் தாங்க இயலாது. யாஷிகா தத்தின் ‘கமிங் அவுட் அஸ் தலித்’ 2019இல் இந்தியாவில் வெளிவந்தது. பாஸ்டனின் பீக்கன் பிரஸ் அதை அமெரிக்காவில் வெளியிட்டது 2024இல். இத்தனைக்கும் அவர் நியூயார்க்கில் வாழும் பத்திரிகையாளர், நூலோ ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது. தமிழிலோ மராத்தியிலோ எழுதுபவரின் காத்திருப்பை எண்ணிப் பாருங்கள். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2000 வரை காத்திருக்க நேர்ந்தது.

இரண்டாம் தடை வெளிப்படையான சாதி அரசியல். 2022 ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தையொட்டித் தேன்மொழி சௌந்தரராஜன் கூகுள் நிறுவன ஊழியர்களிடையே உரையாற்றவிருந்தார். தமிழ் வேர்கொண்ட அமெரிக்க தலித் செயல்பாட்டாளர் அவர். அவரை இந்து விரோதி என்று ஊழியர் சிலர் புகார் எழுப்ப, உரை ரத்தானது. அதற்கு ஏற்பாடு செய்த மேலாளர் தனுஜா குப்தா பதவி விலகினார். அதே ஆண்டு நவம்பரில் தேன்மொழியின் ‘தி ட்ராமா ஆஃப் காஸ்ட்’ நூல் வெளிவந்தது. எண்பத்தாறு ஆண்டு இடைவெளியில் லாகூரும் கலிஃபோர்னியாவும் ஒரே விதமாக நடந்துகொண்டன. அம்பேத்கரை அழைத்தவர்களும் தம்மைச் சாதி எதிர்ப்பாளர்கள் என்றே சொல்லிக்கொண்டவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

பல்கலைக்கழக வளாகங்கள் இதற்கு விதிவிலக்கல்ல. ஆயினும் அங்கே சில ஆண்டுகளில் நிலம் சற்று நகர்ந்திருக்கிறது. 2019 டிசம்பரில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் தன் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்தது. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022 ஜனவரியில் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றமே சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அவ்வாறு செய்த முதல் அமெரிக்க நகரம் அதுதான். விதியில் சாதி என்ற சொல் இடம்பெற்ற வளாகத்தில், சாதியைப் பற்றிய நூலின் வாசிப்பைச் ‘சர்ச்சைக்குரியது’ என்று தள்ளிவைப்பது முன்போல் எளிதன்று.

எனினும் வாசிப்பு நிகழ்வையே வெற்றியாகக் கருதுவது பிழை என்பது என் எண்ணம். அது ஒரு மாலை. மறுநாள் அந்த மேசையில் வேறொரு நூல் இருக்கும். அடுக்கில் ஒரு நூலை ஆண்டுதோறும் நிறுத்துவது பாடத்திட்டம். பேராசிரியர் ஒரு நூலைத் தம் வகுப்புக்குரியதாக அறிவித்தால், சேரும் மாணவர் எண்ணிக்கையைக் கணக்கிட்டுக் கடை அதைத் தருவிக்கும். அடுத்த பருவத்திலும் தருவிக்கும். ஓம்பிரகாஷ் வால்மீகியின் ‘ஜூத்தன்’ ஆங்கிலத்தில் 2003இல் வந்தபோது, அம்பேத்கர் படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பதிப்பகமே அமெரிக்கப் பதிப்பைக் கொண்டுவந்தது. பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் நூல் வகுப்பறைக்குள் நுழைவது எளிது.

அதே வாசல் வழியே நூல் வெளியேற்றவும் படலாம். 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம் இளங்கலை ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி ஆகியோரின் எழுத்துகளையும், மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ கதையையும் நீக்கியது. கல்விக் குழுவின் உறுப்பினர்கள் சிலர் எழுத்து வடிவில் எதிர்ப்புத் தெரிவித்தனர், நீக்கம் நிலைத்தது. கண்டன அறிக்கைகள் படைப்பாளியின் கருத்துரிமையைப் பேசின, அது சரியே. மாணவர் கைக்கு அந்நூல் தானாக வந்து சேரும் வழி அடைபட்டதைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படவில்லை.

வெளிநாட்டு வளாகங்களில் படிக்கும் நம் மாணவர்கள் இதில் செய்யக்கூடியவை உண்டு. பல வளாகங்களில் கடையை நடத்துவது பல்கலைக்கழகமன்று. பார்ன்ஸ் அண்ட் நோபிள் காலேஜ், ஃபாலெட் போன்ற நிறுவனங்கள். எனவே நிர்வாகத்துக்கு மனு எழுதுவதைவிட, கடையில் நிகழ்வுகளைத் திட்டமிடுபவரை மாணவர் அமைப்பின் பெயரால் நேரில் அணுகுவது பயன்தரும். நூலின் பெயர், பதிப்பகம், எத்தனை பேர் வருவார்கள் என்ற மூன்றையும் அவர் கேட்பார். உரையாடலை நெறிப்படுத்துபவர் யார் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிட வேண்டும். தலித் எழுத்தாளரிடம் நூலைப் பற்றிக் கேட்காமல், இடஒதுக்கீடு தேவையா என்று கேட்டுப் பொழுதைப் போக்கும் நெறியாளர்கள் எங்கும் இருக்கிறார்கள். பேராசிரியர்களிடம் பேசுவதாயின், அடுத்த பருவத்துக்கான நூற்பட்டியல் கடைக்குப் போகும் முன்பே பேச வேண்டும். வகுப்புத் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்னதாகவே அந்தப் பட்டியல் போய்விடுகிறது.