‘மெத்’ உடலை என்ன செய்யும்? நண்பர் மயங்கி விழுந்தால் என்ன செய்வது?

மாத்தூரிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் கொடுங்கையூர். அங்கே மெத்தபெட்டமைன் தயாரிக்க முயன்றதாக 2024 அக்டோபரில் பொறியியல் மாணவர்கள் உள்ளிட்டோர் கைதானார்கள். பார்ட்டிகளில் ‘மெத்’, ‘ஐஸ்’ என்ற பெயரில் சுற்றுவது இதுதான்.

உடலுக்குள் என்ன நடக்கும்?

மூளையில் டோபமைன் அளவுக்கு மீறிச் சுரக்கும். பசி, தூக்கம், களைப்பு எதுவும் தெரியாது. ‘செம எனர்ஜி’ன்னு தோணும். ஆனால் இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், உடல் சூடு மூன்றும் எகிறும். மணிக்கணக்கில் ஆடினால் சூடு இன்னும் ஏறும். வலிப்பு, மாரடைப்பு, பக்கவாதம் முதல் தடவையிலேயே வரலாம். போதை இறங்கியதும் கடும் மனச்சோர்வு. அதைப் போக்க மறுபடியும் அதையே மனம் தேடும்.

நண்பர் மயங்கி விழுந்தால்?

‘போலீஸ் வந்துடும்’னு பயந்து தூங்க விட்டுடாதீங்க. உடனே 108-ஐ அழையுங்கள். காற்றோட்டமான இடத்தில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஈரத்துணியால் உடலைத் துடையுங்கள். என்ன எடுத்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

50 கிராமுக்கு மேல் வைத்திருந்தால் 10 முதல் 20 ஆண்டுகள் வரை சிறை. ஆனால் போதைக்கு அடிமையாகி, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு (2 கிராம் வரை) வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தானாக முன்வந்து சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால், 64ஏ பிரிவு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. போதை மீட்பு உதவிக்கு 14446, கட்டணம் கிடையாது.