வாடகை வீட்டு வாசலில் ஒரு சாய்தளம்: சட்டம் எதுவரை வருகிறது?

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அந்தக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சிக்கு ஏற முடியாதவர் அடிவாரத்தோடு திரும்பிவிடலாம். வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குள் ஏற முடியாதவர் எங்கே திரும்புவார்?

நம் ஊர்களில் மழைநீருக்குப் பயந்து வீட்டை உயர்த்தித்தான் கட்டுகிறோம். வாசலில் மூன்று படி என்றால் சுமார் ஒன்றரை அடி உயரம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அப்படியானால் பதினெட்டு அடி வேண்டும். தெருவை ஒட்டிய வீட்டில் அவ்வளவு இடம் கிடைக்காது. பக்கவாட்டில் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். உள்ளே போனால் கழிவறைக் கதவு குறுகல், பிடித்து எழக் கைப்பிடி இல்லை. கைப்பிடி பொருத்த சுவரில் நான்கு துளை போதும். அதற்கும் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பாகுபாட்டைத் தடை செய்கிறது. அரசு வீட்டு ஒதுக்கீட்டில் 5 சதவீதம் தருகிறது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் விதிகளைக் கட்டாயமாக்கும்படி உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. எல்லாம் நல்லதே. ஆனால் தனியார் வாடகை வீட்டின் படியை மாற்றச் சம்மதிப்பது உரிமையாளரின் கடமை என்று அந்தச் சட்டம் நேரடியாகச் சொல்லவில்லை. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் எழுத்துமூல ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியதே தவிர, இந்தக் குறையைத் தீர்க்கவில்லை.

அமெரிக்காவில் 1988-இலேயே இதற்கு வழி செய்துவிட்டார்கள். வாடகைதாரர் தன் செலவில் நியாயமான மாற்றம் செய்யக் கேட்டால், உரிமையாளர் மறுப்பது பாகுபாடு. தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்திலும் இப்படி ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும். உரிமையாளருக்கு இதில் பணச் செலவு இல்லை. சம்மதம் மட்டுமே தேவை. ஒரு மனிதர் தன் வீட்டுக் கழிவறைக்குப் போய்வருவது இன்னொருவரின் பெருந்தன்மையைப் பொறுத்து இருக்கக் கூடாது.

சட்டம் வரும்வரை வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். சாய்தளம், கைப்பிடி, மேலைநாட்டுக் கழிவறை என வேண்டியதை ஒவ்வொன்றாக ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். காலி செய்யும்போது எதைப் பழையபடி மாற்றித் தர வேண்டும், செலவு யாருடையது என்பதையும் சேருங்கள். மாற்றுத்திறனாளி என்பதற்காகவே வீடு மறுக்கப்பட்டால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமோ ஆட்சியர் அலுவலகத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலோ மனு கொடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் எழுதலாம். உரிமையாளர் கையெழுத்திட்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.