கோலப்பொடி வரைபடம் செல்போனுக்கு வரட்டும்!

மாணவர் குழுவும் விவசாயிகளும் கைகோத்தால், ஊரின் குளம், மடை, வாய்க்கால் எல்லாவற்றையும் இணைய வரைபடமாக்கலாம்

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில், காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். காயல்பட்டினத்தைப் பொறுத்தவரை, ஓர் ஆண்டு மழையைவிட அதிகமான தண்ணீர் அந்த ஒரே நாளில் வந்தது. கோரம்பள்ளம் குளத்தின் கரை உடைந்தது. தூத்துக்குடி நகருக்குள் தண்ணீர் புகுந்தது. நெல்லும் வாழையும் உப்பளங்களும் மூழ்கின.

இப்படியொரு வெள்ளத்தில் முதலில் தெரிய வேண்டியவை சில விஷயங்கள்தான். எந்தக் குளம் நிரம்பினால் மறுகால் எந்தப் பக்கம் பாயும்? கரை எங்கே பலவீனம்? எந்த ஷட்டர் துருப்பிடித்துக் கிடக்கிறது? இதற்கெல்லாம் பதில் ஊரிலேயே இருக்கிறது. ஆனால், மடை திறப்பவர் மனதிலும் பெரியவர்கள் நினைவிலும்தான் இருக்கிறது. புலப்படத்தில் சர்வே எண்ணும் எல்லையும் இருக்கும். தூர்ந்துபோன வாய்க்கால் அதில் தெரியாது.

வந்து தங்குகிற மாணவர்கள்

வேளாண் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள், 'கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டம்' என்ற பெயரில் குழுவாகக் கிராமங்களில் தங்கிப் படிக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்திலேயே கிள்ளிகுளத்தில் வ.உ.சிதம்பரனார் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. இந்தத் திட்டத்தில் மாணவர்கள் செய்யும் முக்கியமான வேலை ஒன்று, ஊர் மக்களைக் கூட்டி, தரையில் கோலப்பொடியால் கிராம வள வரைபடம் போடுவது. குளம், கோயில், கிணறு, தெரு, பயிர் எல்லாம் கலர் கலராக வரும்.

அருமையான வேலைதான். ஆனால், போட்டோ எடுத்து, அறிக்கையில் ஒட்டியதோடு அது முடிந்துவிடுகிறது. அதே வரைபடத்தை இணையத்தில் ஏற்றினால், மழைக்காலத்திலும் மராமத்துக்கு மனு கொடுக்கும்போதும் ஊருக்குப் பயன்படும். ஐந்தாறு மாணவர்கள் சேர்ந்து முடிக்கக்கூடிய அளவுதான் இந்த வேலை.

சென்னை காட்டிய வழி

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, அருண் கணேஷ் என்ற வரைபட வடிவமைப்பாளர் சென்னைக்கு ஓர் இணைய வரைபடம் உருவாக்கினார். தண்ணீர் நிற்கும் தெருவை யார் வேண்டுமானாலும் சொடுக்கிக் குறிக்கலாம். அந்தத் தெரு மற்றவர்களுக்கும் நிறம் மாறித் தெரியும். அதற்கு அடித்தளம், 2004-ல் லண்டனில் தொடங்கிய 'ஓபன் ஸ்ட்ரீட் மேப்'. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து வரைந்துவரும் இலவச வரைபடம் அது. தெருக்கள் ஏற்கெனவே வரையப்பட்டிருந்ததால்தான், வெள்ளம் வந்த நேரத்தில் அதன்மேல் குறிக்க முடிந்தது. வெள்ளம் வந்த பிறகு வாய்க்காலைத் தேடி வரைய முடியாது. கோடையிலேயே வரைந்துவைக்க வேண்டும் என்பதுதான் இதில் விவசாயிக்கான பாடம்.

எப்படிச் செய்வது?

முதல் வேலை, எதைக் குறிப்பது என்று முடிவெடுப்பது. மடை, ஷட்டர், கலுங்கு, கரையின் பலவீனமான இடம், மேடான பள்ளிக்கூடம் ஆகியவை புள்ளிகள். வாய்க்காலும் ஓடையும் கோடுகள். குளம், வயல், உப்பளம் ஆகியவை பரப்புகள். எல்லாவற்றையும் திணித்தால் வரைபடம் குழம்பிவிடும். முதல் ஆண்டில் தண்ணீர் சம்பந்தமானவை மட்டும் போதும்.

இரண்டாவது, நடை. விவசாயி முன்னே நடக்க, மாணவர் செல்போனில் இடத்தைப் பதிய வேண்டும். சிக்னல் இல்லாத இடத்திலும் பதிந்து, பிறகு அனுப்ப 'கோபோ டூல்பாக்ஸ்' போன்ற இலவசச் செயலிகள் உதவும். ஊர் அழைக்கும் பெயரிலேயே மடையையும் குளத்தையும் பதிவது அவசியம்.

மூன்றாவது, கணினி வேலை. சேகரித்ததைச் சரிபார்க்க 'கியூஜிஐஎஸ்', இணையத்தில் காட்ட 'லீஃப்லெட்' என இரண்டுமே இலவசம். நிரல் எழுதத் தெரியாத குழு 'யூமேப்' பயன்படுத்தலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தூத்துக்குடி ஏறத்தாழ 8.8 பாகை வட அட்சரேகையிலும் 78.1 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் இருக்கிறது. சில மென்பொருள்கள் அட்சரேகையை முதலில் கேட்கும். சில தீர்க்கரேகையை முதலில் கேட்கும். இரண்டும் இடம் மாறினால், கோரம்பள்ளம் மடை வட துருவம் பக்கத்துக் கடலில் போய் நிற்கும்! தசம எண்களையும் சுருக்கக் கூடாது. இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் சுமார் 1 கிலோமீட்டர் வரை வித்தியாசம் வரும். ஐந்து இலக்கம் எழுதினால் சுமார் 1 மீட்டர் வரை துல்லியமாக எழுதலாம். ஆனாலும், செல்போன் காட்டும் இடமே சில மீட்டர் தள்ளி இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது.

நான்காவது, திரும்பவும் ஊர்க்கூட்டம். முடித்த வரைபடத்தைப் பெரிதாகக் காட்டி, மேல்மடைக்காரர், கடைமடைக்காரர் இரு தரப்பையும் திருத்தம் சொல்லவைக்க வேண்டும். தண்ணீர் வருகிறது என்று மேல்மடையில் சொல்லும் வாய்க்கால், கடைமடையில் வறண்டு கிடக்கலாம். ஸ்ரீவைகுண்டம் அணை, தாமிரபரணியின் கடைசி அணை. அதன் வடகால் பாசனத்தின் கடைக்கோடியில் இருப்பது கோரம்பள்ளம் குளம். மேற்கே மானாவாரிப் பகுதியிலிருந்து வரும் ஓடைத் தண்ணீரும் இங்கேதான் சேர்கிறது. ஆகவே, ஒரு ஊரின் வரைபடம் பக்கத்து ஊர் வரைபடத்தோடு இணைந்தால்தான் முழுப் பலன் கிடைக்கும்.

முத்துப் பார் சொல்லும் பாடம்

தூத்துக்குடிக் கடலில் முத்துச் சிப்பி விளையும் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். ஒரு பாரில் ஒரு வருஷம் சிப்பி நிறைந்திருக்கும். இன்னொரு வருஷம் வெறுமையாகிவிடும். அதனால், பார்களைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டது. இங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். பழைய குறிப்பை நம்பிப் படகு ஏறினால் வெறும் கையோடுதான் திரும்ப வேண்டும்.

குளத்துக்கும் அதேதான். சீமைக்கருவேலம் மண்டும்; ஷட்டர் உடையும்; புதிய சாலை ஓடையை மறிக்கும். மாணவர்கள் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். அதற்கு முன்பாக, வரைபடத்தின் கடவுச்சொல்லையும் திருத்தும் முறையையும் நீர்ப்பாசன சங்கத்தைச் சேர்ந்த இரண்டு இளைஞர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காத வரைபடம், மதிப்பெண்ணுக்குப் போட்ட கோலம்தான்.

அடிக்கடி எழும் கேள்விகள்

*வரைபடம் தயாரிக்க அரசு அனுமதி வேண்டுமா?*
2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி தேவையில்லை. பாதுகாப்பு காரணமாகத் தடுக்கப்பட்ட விவரங்களை மட்டும் சேர்க்கக் கூடாது.

*எல்லைத் தகராறுக்கு இதை ஆதாரமாகக் காட்டலாமா?*
கூடாது. எல்லைக்குப் புலப்படமும் சர்வேயர் அளவையும்தான் ஆதாரம்.

*யார் வயல் என்று பெயர் போடலாமா?*
வேண்டாம். உரிமையாளர் பெயர், செல்போன் எண், பட்டா விவரம் எதுவும் பொது வரைபடத்தில் இருக்கக் கூடாது.

*மின்சாரமும் டவரும் போய்விட்டால்?*
2023 வெள்ளத்தில் அதுதான் நடந்தது. எனவே, மழைக்கு முன் பெரிய தாளில் அச்செடுத்து, ஊராட்சி அலுவலகத்தில் ஒன்றும் பள்ளிக்கூடத்தில் ஒன்றுமாக மாட்டிவையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரில் ஒரு நாள் ஒதுக்கி, வரைபடத்தோடு கரை முழுக்க நடந்துவிடுங்கள். உங்கள் ஊருக்கு மாணவர் குழு வந்தால், கோலப்பொடி வாங்கும்போதே இணைய வரைபடத்தையும் கேட்டுவிடுங்கள்.