விடியுமுன் ஒரு வெண்கூம்பு

திருவனந்தபுரத்தில் கடல் இருப்பது மேற்கே. விடியுமுன் கிழக்கில் தெரியும் ராசிமண்டல ஒளிக்குக் கடற்கரை உதவாது. நகர விளக்குகளை முதுகுக்குப் பின்னால் விட்டுப் பொன்முடிக்குத்தான் ஏற வேண்டும். செப்டம்பர், அக்டோபர்தான் உகந்த காலம் என்பார்கள். நம் ஊரில் அது மழையோடு போய்விடும். துலாவர்ஷம் ஓய்ந்த டிசம்பரில், நிலவில்லாத நாளில், ஐந்து மணிக்குச் சற்று முன் பாருங்கள். அடிவானத்திலிருந்து மங்கலான வெண்கூம்பு ஒன்று எழும். கோள்களுக்கிடையே மிதக்கும் தூசியில் பட்டுச் சிதறும் சூரிய ஒளி அது. நிலநடுக்கோடு பக்கம் என்பதால் ஏறக்குறைய செங்குத்தாகவே நிற்கும். படமெடுக்க ட்ரைபாட், வைடு ஆங்கிள் லென்ஸ், ஐ.எஸ்.ஓ. 3200, 20 விநாடி போதும். ஃபோகஸை மட்டும் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக் கையாலேயே வையுங்கள். குவீன் இசைக்குழுவின் கிடார் கலைஞர் பிரையன் மே 2007இல் முனைவர் பட்டம் வாங்கியதும் இந்தத் தூசியை ஆராய்ந்துதான்!