உரோமாபுரியில் ஒரு காலைச் சந்தை

அயல்நாடு செல்வோர் அரண்மனைகளையும் ஆலயங்களையும் அரும்பொருட் காட்சிச்சாலைகளையும் காண்பதற்கென நாள் வகுத்துக்கொள்வர். சந்தைக்குச் செல்லவேண்டும் எனக் குறித்துவைப்போர் சிலரே. ஆயினும் ஒரு நாட்டு மக்கள் எதை உண்கின்றனர், அயலானோடு எவ்வாறு பழகுகின்றனர் என்பவற்றை ஒரு காலைச் சந்தை ஒரு மணி நேரத்திற் கற்பித்துவிடும். இத்தாலியின் தலைநகராகிய உரோமாபுரியில் நான் பெற்ற அத்தகைய பாடம் ஒன்றை நேயர்களுக்கு இன்று கூற விழைகின்றேன்.

அந்நகரின் பழைய பகுதியிலே ‘கம்போ தே பியோரி’ என்னும் சதுக்கம் உண்டு. ‘பூக்களின் வயல்’ என்பது அப்பெயரின் பொருள். சூழவுள்ள தெருக்கள் தொப்பி செய்வோர், பெட்டி செய்வோர், பூட்டுத் தொழிலாளர் எனப் பழைய கைவினைஞரின் பெயர்களை இன்றும் தாங்கி நிற்கின்றன. நவோனாச் சதுக்கத்திற் கூடிவந்த சந்தை 1869 ஆம் ஆண்டில் இவ்விடத்துக்கு மாற்றப்பட்டது. ஞாயிறு தவிர்ந்த நாள்களில், காலையில் துணிக்குடைகளின் கீழ் கடைகள் விரியும். பிற்பகலில் அவை அகன்றதும் சதுக்கம் கூட்டிக் கழுவப்படும்.

நான் சென்றது ஒரு பங்குனி மாதத்து முற்பகல். சிசிலித் தீவின் செந்நிறத் தோடம்பழங்கள் ஒரு கடையிற் குவிந்திருந்தன. திருநெல்வேலிச் சந்தையில் வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்து வாங்கிப் பழகிய கை அல்லவா? கேளாமலே ஒரு பழத்தை எடுத்து அமுக்கிப் பார்த்தது. கடைக்கார முதியவள் அதனை என் கையினின்றும் வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள். பல்லாண்டுகளாக மாணவரைக் கண்டித்துவந்த நான், கண்டிக்கப்பட்ட மாணவனாக நின்றேன்.

“மாமா, இங்கே முதலில் வணக்கம் சொல்லவேண்டும், பிறகு வேண்டியதைக் கேட்கவேண்டும். தெரிந்து தருவது அவருடைய பொறுப்பு” என்றான், அந்நகரில் தொழில் புரியும் என் மருமகன். அவ்வாறே வணங்கிக் கேட்டேன். “உண்பது இன்றைக்கா, நாளைக்கா?” என்று அவள் வினவினாள். நாளைக்கு என்றதும், குவியலைத் துழாவி நான்கு பழங்களைத் தேர்ந்து தந்தாள். மறுநாள் உரித்தபோது அவை பதம் பிசகாதிருந்தன.

கையால் ஆராய்வது நம் வழக்கம். வாயாற் கேட்பது அவர் வழக்கம். கேட்டால் அவர்கள் மனமுவந்து கற்பிக்கின்றனர். தாமரை மொட்டுப் போன்ற ஆட்டிச்சோக்கு என்னும் மரக்கறியின் முரட்டு இதழ்களைக் கத்தியாற் சீவி, எலுமிச்சை கலந்த நீரில் இடுகின்றனர். நாம் வாழைக்காயை நறுக்கி நீரில் இடுவது போல, கறுக்காதிருக்கவே இவ்வேற்பாடு. ‘புந்தரெல்லே’ என்னும் கசப்புத் தண்டினை மெல்லிய கீற்றுகளாக்கிக் குளிர்நீரில் இட, கசப்புத் தணிந்து அவை சுருள்கின்றன. உப்பிட்ட நெத்தலி, உள்ளி, வினாகிரி, ஒலிவெண்ணெய் ஆகியன சேர்த்து அதனை உண்பர்.

கேட்டறிதலே முறையாகிய இச்சந்தையின் நடுவில், கேள்வி கேட்டமைக்காக உயிரிழந்த ஒருவரின் சிலை நிற்கின்றது. விண்மீன்களும் சூரியன்களே, உலகங்கள் எண்ணில என்று கூறியவரும், திருச்சபையின் கோட்பாடுகள் சிலவற்றை மறுத்தவருமாகிய ஜோர்தானோ புரூனோ, 1600 பெப்ரவரி 17 இல் இங்கே உயிரோடு எரிக்கப்பட்டார். பேசாதபடி அவருடைய நா பிணிக்கப்பட்டிருந்தது. சிலை 1889 இல் நிறுவப்பட்டது. இன்று அதன் அடியிலே நாள்தோறும் நூறு நாவுகள் தடையின்றி விலை கூறுகின்றன.

எனினும் அச்சந்தைக்கும் ஓர் இடர் நேர்ந்துள்ளது. தவறான பழத்தைத் தந்தால் நாளை இவர் நம்மிடம் வாரார் என்னும் எண்ணமே விற்பவளின் சொல்லுக்குப் பிணை. ஒருமுறை வந்து மீளாத பயணிகள் பெருகும்போது அப்பிணை தளர்கின்றது. மரக்கறி இருந்த பலகைகள் பலவற்றில் வண்ணமூட்டிய மாப்பண்டங்களும் வாசனைத்தூள் பொதிகளும் இப்போது அடுக்கப்பட்டுள்ளன. அவற்றை விற்பதற்குப் பழத்தின் பதம் அறிந்தவள் தேவையில்லை. படம் மட்டும் பிடித்துக்கொண்டு அகல்வோர், தாம் காணவந்த சந்தையையே அறியாமல் அழிக்கின்றனர்.

ஆதலால், நேயர்களே, அயல்நாட்டுச் சந்தைக்குச் செல்லும்போது முதலில் வணக்கம் கூறுங்கள். விலையட்டையில் விளைந்த இடத்தைப் பார்த்து, அப்பருவத்தில் அயலில் விளைந்ததைக் கேளுங்கள். நூறு கிராமை அங்கே ‘எத்தோ’ என்பர். ஓர் எத்தோ ஆயினும் வாங்குங்கள். இயன்றால் மறுநாளும் அதே கடைக்குச் செல்லுங்கள். நான் சென்றேன். முதியவள் என்னை அடையாளம் கண்டு, கேளாமலே ஒரு தோடம்பழத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.