கரிசலும் பருவமழையும்

வெப்பமண்டலப் பகுதிகளில் ஆண்டு முழுவதும் வெயிலுக்குக் குறைவில்லை. ஆயினும் எல்லா மாதங்களிலும் விதைக்க இயலுவதில்லை. பல இடங்களில் மழை சில வாரங்களுக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. பெய்த நீரை மண் எத்தனை நாள் பிடித்து வைத்திருக்கும் என்பதைப் பொறுத்தே அங்கு விளைச்சல் அமைகிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களைச் சூழ்ந்துள்ள கரிசல்காடு இதற்குச் சிறந்த சான்று. மானாவாரி நிலத்தைக் காடு என்பது அவ்வட்டார வழக்கு. அங்கே மரங்களைத் தேடுதல் வீண்.

தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை பெரிதும் தடுத்துவிடுகிறது. எனவே, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையையே இந்நிலம் நம்பியுள்ளது.

கரிசல் மண்ணில் களித்துகள்கள் மிகுதி. நீர் பட்டால் அவை உப்பும்; காய்ந்தால் சுருங்கும். கோடையில் நிலம் பாளம்பாளமாக வெடிப்பது இதனால்தான். அவ்வெடிப்புகளில் மேல்மண் உதிர்ந்து விழுவதால், இம்மண் தன்னைத்தானே உழுதுகொள்கிறது என்பர். உப்பிய களி, ஈரத்தை எளிதில் விடுவதில்லை. மழை ஓய்ந்து வாரங்கள் பல கடந்த பின்னரும் பருத்தி காய்ப்பது அந்த ஈரத்தைக் கொண்டே. ஆழ வேர்விடும் கருங்கண்ணிப் பருத்தி இங்கு நிலைபெற்றதற்கும் அதுவே காரணம்.

கறுப்பு நிறத்தைக் கண்டு இம்மண்ணில் மட்கு நிறைந்திருப்பதாகக் கருதுவது தவறு. வெப்பம் மிகுந்த நிலத்தில் நுண்ணுயிர்கள் இலைதழைகளை விரைந்து சிதைத்துவிடுவதால் மட்கு தங்குவதில்லை. சுண்ணாம்புச்சத்தும் சாம்பல்சத்தும் இருக்க, தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைந்தே காணப்படுகின்றன. வயலில் ஆட்டுக்கிடை அமர்த்துவதும், கோடையில் கண்மாயின் கரம்பை மண்ணை அள்ளிவந்து பரப்புவதும் அக்குறையை ஈடுசெய்ய உழவர் கண்ட வழிகள்.

நீரைப் பிடித்து வைக்கும் இதே தன்மை, விதைப்பின்போது இடையூறாகிறது. நன்கு நனைந்த கரிசலில் கால் புதையும். ஏரும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. மழைக்குப்பின் விதைக்கலாம் என்று காத்திருப்பவர் பருவத்தை இழப்பர். ஆகவே, புரட்டாசியிலேயே காய்ந்த புழுதியில் விதைக்கின்றனர். விதை மேலாகக் கிடந்தால் சிறு தூறலிலேயே முளைத்து, அடுத்த மழைக்குமுன் கருகிவிடும். ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டால், போதிய மழை பெய்து அவ்வளவு ஆழத்திற்கு ஈரம் இறங்கிய பின்னரே முளைக்கும். மழையை அளக்கும் வேலையை மண்ணிடமே ஒப்படைக்கும் இம்முறை போற்றத்தக்கது. 1901ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், இத்தகைய மானாவாரிச் சாகுபடி குறித்து ஆய்வு செய்து வருகிறது.

ஆழம் சரியாக இருப்பினும் மழை தவறினால் பயனில்லை. ஐப்பசி முடியும்வரை வானம் பொய்த்தால் விதை எறும்புக்கு இரையாகும். மறுவிதைப்புக்கு மீண்டும் பணம் வேண்டும். அதற்குள் பருத்திக்குரிய நாள்களும் கடந்துவிடும். அவ்வாண்டில் பருத்தியைக் கைவிட்டு, குறைந்த நாளில் விளையும் பாசிப்பயறையோ கொத்தமல்லியையோ விதைப்பவர் பலர்.