'லூசு' என்றொரு சொல்

ஊரோடு ஒத்து நடப்பவரைப் பற்றி ஊர் பேசுவதில்லை. சற்றே விலகி நடப்பவருக்கோ உடனே ஒரு பெயர் சூட்டிவிடுகிறது. கற்பிட்டி முதல் உடப்பு வரை, நம் புத்தளக் கரையோரத்து மாணவர் நாவிலே இன்று ஓயாது உலவும் அத்தகைய பெயர் 'லூசு' என்பதாகும். ஈழத்து முதியோர் அதனை 'விசர்' என்பர். தமிழகத்தார் 'கிறுக்கு' என்பர். இத்தகைய சொற்கள் பிறந்த கதையைச் சற்று நோக்குவோம்.

'லூசு' ஆங்கிலச் சொல். தளர்ந்தது என்பது அதன் பொருள். ஒருவன் தலையிலே திருகாணி தளர்ந்துவிட்டது எனப் பழிப்பது ஆங்கிலேயர் வழக்கு. தமிழகத்திலும் 'மரை கழன்றவன்' என்கின்றனர். மனிதனை இயந்திரமாக எண்ணும் காலத்தின் பேச்சு இது.

அதற்கு முற்பட்ட நம் மருத்துவமோ வாதம், பித்தம், சிலேட்டுமம் என மூன்றை வகுத்தது. பித்தம் மிகுந்தால் அறிவு மயங்கும் என்றனர். பித்து, பித்தன், பைத்தியம் ஆகிய சொற்கள் அவ்வழி வந்தவையே. மேனாட்டாரோ நிலவைப் பழித்தனர். 'லூனற்றிக்' என்னும் ஆங்கிலச் சொல்லினுள் ஒளிந்திருப்பது, நிலவைக் குறிக்கும் 'லூனா' என்னும் இலத்தீன் சொல்லாகும். பித்தமும் நிலவும் திருகாணியும் இவ்வாறு மாறி மாறிக் குற்றஞ் சுமந்தன. இவற்றால் நாம் அறிவது வைதவர் காலத்துக் கருத்தையே. வையப்பட்டவர் உள்ளத்தை அன்று.

தம் திருமணத்தைத் தடுத்த முதியவரைச் சுந்தரர் பித்தன் என வைதார். அவர் இறைவனே எனத் திருவெண்ணெய்நல்லூரில் உணர்ந்தபின், அவ்வசைச் சொல்லையே முதலாக வைத்துப் பாடும்படி பணிக்கப்பட்டார் எனப் பெரியபுராணம் கூறும். நல்லூர் வீதியிலே திரிந்த செல்லப்பா சுவாமிகளையும் ஊரார் விசரன் என்றனர். அவரையே யோகர் சுவாமிகள் (1872–1964) தம் குருவாகக் கொண்டார்.

இவற்றையெல்லாம் கற்பிக்கும் நாமும் ஒருமுறை தவறினோம். இலக்கண வகுப்பின் நடுவே ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, உப்பு வெள்ளையாகத்தானே விளைகிறது? விளையுமுன் உப்பளத்து நீர் ஏன் சிவக்கிறது?" என்றான். "லூசு!" என்றது வகுப்பு. அச்சிரிப்பிலே நாமும் கலந்துகொண்டோம்.

அன்றிரவு நூல்களைப் புரட்டினோம். நீர் வற்றி உவர்ப்பு முற்றும்போது, கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் அதிலே பெருகிச் செந்நிறம் தருகின்றன என அறிந்தோம். மறுநாள் விடையோடு சென்றோம். அவன் பணிவோடு கேட்டுக்கொண்டான். ஆனால் அவ்வாண்டு முடியும்வரை வேறொரு கேள்வியும் அவன் கேட்கவில்லை.

பெற்றோரே, மாணவரே! புதுமையாக ஒருவர் பேசும்போது அச்சொல் நம் நாவின் நுனிக்கு வருதல் இயல்பே. அதனைச் சற்றே நிறுத்தி, அவர் கூறுவதை முற்றக் கேட்போம். மூடிய வாயைத் திறப்பிக்க எந்த விடையாலும் இயலாது என்பதை நாம் காலங்கடந்தே கற்றோம்.